ஆறு கம்பியும் ஒரு குழியும்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய குடியிருப்பில், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாத கட்டடம். அப்படிப்பட்ட இடத்தில், தான் ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா ஓட்டலில் கிதார் வாசிக்கப் போவது அம்மாவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தான் விஜிதரன். அம்மா பேச்சியம்மாவிடம் சொன்னானே, அது போதாதா? கொழுந்து நிறுக்கும் இடத்தில் அன்றைக்கே ஊர் பேசி முடித்துவிட்டது.

விஷயம் இதுதான். நானுஓயா ஜீவராஜின் இசைக்குழுவுக்குக் கிதார் வாசிக்க ஓர் ஆள் தேவை. ஓட்டல்காரர்களுக்குப் பிடித்துவிட்டால் வாராவாரம் வேலை, தங்க அறை. அதற்குப் பிறகு முதுகில் தேயிலைக்கு மருந்தடிக்கும் தாங்கியைக் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதில்லை. பிடிக்க வைக்க ஒரே ஒரு சாயங்காலம்தான்.

சனிக்கிழமை கிதாரைக் கீழே இறக்கினான். கீழே என்றால், அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணிலிருந்து. மழைக்காலம் முழுக்கப் பேச்சியம்மா அதை அங்கேதான் ஏற்றி வைத்திருந்தாள்.

"குளிர்ல கெடக்குதேன்னு சூட்டுல வச்சேன். அது ஒரு குத்தமா?"

கம்பிகளுக்கு மேலே கரி, கீழே துரு. கருவாட்டு வாடை வேறு. விஜிதரன் வாங்கி வைத்திருந்த புதுக் கம்பிகளை எடுத்தான். ஒரு கம்பியைக் கழற்றி, அந்த இடத்தைத் துடைத்து, புதுக் கம்பியை ஏற்றிய பிறகே அடுத்ததைத் தொட்டான். ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினால் இழுவை போய்க் கழுத்து வளைந்துவிடும் என்று அவனுக்குப் பயம். உறைந்துபோன தேங்காயெண்ணெயை அடுப்பில் காட்டி உருக்கி, துணியில் தொட்டுக் கட்டையைத் தேய்த்தான். பழைய கம்பிகளைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். முடுக்கியைத் திருகத் திருக, டொய்ங் டொய்ங்கென்று சத்தம் மேலே ஏறி அடுத்த வீட்டில் இறங்கியது.

"என்ன விஜி, நாளைக்குத்தானே?" சுவருக்கு அந்தப் பக்கம் கிருஷாந்தி. "ஓட்டலுக்கு வெள்ளக்காரிங்க வருவாங்களாம். கிதார தேச்சது போதும், மொகத்தையும் கொஞ்சம் தேச்சுக்க."

"நீங்க ஒங்க சோத்தப் பாருங்கக்கா."

"சோறு கொதிக்குது. காது சும்மாத்தானே இருக்கு."

மூன்றாவது கம்பி ஏறியபோது கடைசி வீட்டில் ஒப்பாரி எழுந்தது. மாயாண்டி போய்விட்டார். ஆடியிலிருந்து இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்த மனுஷன். இடையில் எத்தனையோ சனிக்கிழமை வந்து போயின. ஒன்றும் அவருக்குத் தோதுப்படவில்லை.

சாவு விழுந்தால் லயத்தில் டிவி வாயை மூடும், ரேடியோவும் மூடும். தப்புப் பறை மட்டும் அடிக்கலாம். தப்புக்காரர்கள் முற்றத்தில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சி, ஊரறியச் சுருதி சேர்த்தார்கள். சாவு வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வந்த விஜிதரன் கதவைச் சாத்திக்கொண்டு மீதிக் கம்பிகளை ஏற்றினான். கட்டையில் தாடையை அழுத்திக்கொண்டு நகத்தால் மெல்லத் தொட்டான். சத்தம் வெளியே போகவில்லை. எலும்பு வழியாக அவனுக்கு மட்டும் கேட்டது. அப்படியே ஆறுக்கும் சுருதி சேர்த்து முடித்தான்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத் தலைவர் வீரய்யா கதவைத் தட்டினார்.

"தம்பி, காலையில குழி வெட்டணும். எளவட்டமெல்லாம் கொழும்புல. நீயும் சின்னத்தம்பியுந்தான்."

"தலைவரே, மத்தியானம் எனக்கு வேன் வருதுங்க."

"வந்தா வரட்டும். வெள்ளன எறங்குனா அதுக்குள்ள முடிஞ்சிரும்."

அவர் தலை மறைந்ததும் பேச்சியம்மா குசுகுசுத்தாள். "முடியாதுன்னு மட்டும் சொல்லிப்புடாத. நாளைக்கு நான் கெடந்தா எவன் மம்பட்டி தூக்குவான்?"

விடிந்தும் விடியாமலும் இருவரும் மேட்டு இடுகாட்டில் வேலையில் இறங்கினார்கள். மண்ணும் நல்ல மண்தான். இடுப்பளவு போனதும் மண்வெட்டி ணங்கென்றது. பாறை. சுற்றிச் சுரண்டிப் பார்த்தால், மலையே அடியில் படுத்திருந்தது. கரையில் உட்கார்ந்திருந்த வீரய்யா வெற்றிலையைத் துப்பினார்.

"பக்கத்துல வெட்டுங்கடா."

இரண்டாவது குழி முழங்கால் அளவுக்கு வந்தபோது கீழே வளைவில் வேன் ஹார்ன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து ஜீவராஜ் காலில் போட்ட சப்பாத்தெல்லாம் சேறாக மேலே ஏறி வந்தார். குழியைப் பார்த்தார், விஜிதரனைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு?"

"நெஞ்சளவு வரணும்ண்ணே."

"அடப்பாவி. வச்சுட்டு வா. ஓட்டல்காரன் காத்துக்கிட்டு இருக்க மாட்டான்."

வீரய்யா எழுந்தார். லயத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். விஜிதரன் ஒரு காலைக் கரையில் தூக்கி வைத்தான். கீழே தண்ணீர்ப் பீலிக்கரையில் கிருஷாந்தி குடம் நிரம்பி வழிவது தெரியாமல் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் பேச்சியம்மா. வைத்த காலை எடுத்து மறுபடி குழிக்குள் போட்டான்.

"சரி," என்றார் ஜீவராஜ். "ஆளு இல்லாட்டி கிதாரையாச்சும் குடு. நம்ம கீபோர்ட் சுதாகரன் கிதாரும் வாசிப்பான். அவன்கிட்ட சாமான்தான் இல்ல."

பேச்சியம்மாவே அதைப் பழைய சேலையில் சுற்றி வேன் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளையை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, "குளிர்ல வச்சுறாதீங்க" என்று சொன்னாளாம். கிருஷாந்திதான் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வேன் கிளம்பும்போது விஜிதரன் குழிக்குள்ளிருந்து கத்தினான்.

"அண்ணே! புதுக்கம்பி! தளரும்! பாட்டுக்குப் பாட்டு இழுத்துவிட்டுச் சுருதி பாக்கச் சொல்லுங்க!"

ஜீவராஜ் கையை வெளியே நீட்டி ஆட்டினார். கேட்டு ஆட்டினாரா, சும்மா ஆட்டினாரா தெரியவில்லை. வேன் தேயிலைக்குள் நுழைந்து, ஒரு வளைவில் தெரிந்து, மறுபடி மறைந்தது.

குழி நெஞ்சளவுக்கு வந்துவிட்டது. சவப்பெட்டியின் அகலத்துக்கு அளந்து பார்க்க ஒரு கயிறு கேட்டார் வீரய்யா. சின்னத்தம்பி இடுப்பைத் தடவினான், இல்லை. விஜிதரன் பைக்குள் கைவிட்டுக் கரி பிடித்த தடித்த கம்பியொன்றைச் சுருள் பிரித்து நீட்டினான்.

வீரய்யா அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"இழுபட்டு அளவு மாறிடாதுல்ல?"

"பழசுங்க, தலைவரே," என்றான் விஜிதரன். "இனி தளராது."