ஏழு குஞ்சு, ஒரு கோழி

சங்கு ஊதியதும் எழுந்து ஓடுகிறவனை மனிதன் என்று சொல்ல முடியாது. மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து செய்திருக்கிற ஒரே முன்னேற்றம், முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்காமலிருக்கக் கற்றுக்கொண்டதுதான். சக்கரம், நெருப்பு எல்லாம் அதற்கு அப்புறம். இந்த முடிவை மாமன் தன் அக்கா வீட்டு சோபாவில் மல்லாந்து படுத்தபடி, நெஞ்சின்மேல் தேநீர்க் கோப்பையை நிறுத்தி வைத்துக்கொண்டு வெளியிட்டான். கேட்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அக்கா. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அக்காவின் மகள். அவளும் அதே மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வாஷிங் மெஷினுக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள்.

மாமன் கல்லூரியில் தத்துவம் படித்தான். மூன்றாம் ஆண்டு என்பதால் எல்லாவற்றைப் பற்றியும் கருத்துகள் தயாராக இருந்தன, பாடத்தைப் பற்றி மட்டும் இன்னும் வரவில்லை. அக்கா மகளுக்குக் கமிஷனர் என்று பெயர் வைத்தவன் அவன்தான். வாசலில் செருப்பு ஒன்று கோணலாகக் கிடந்தால் அவள் யாரையும் உள்ளே விடமாட்டாள். கரண்டிகள் உயரப்படி அணிவகுத்தால்தான் சாப்பாடு. டாக்டர்கள் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் வேறு பெயர்கள் சொன்னார்கள். அக்கா டாக்டர்கள் சொன்னதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டாள்.

கப்பல் யோசனை கமிஷனருடையது. கப்பல் போகும்போது பின்னால் கடலில் ஒரு வெள்ளைக் கோடு விழுவதை எதிலோ பார்த்துவிட்டாள். எவ்வளவு நீளம் என்று கேட்டாள். கடல் எவ்வளவு நீளமோ அவ்வளவு என்று அக்கா யோசிக்காமல் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. டிக்கெட் எடுத்தபிறகு அத்தானுக்கு லீவு இல்லை என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் காலி இடத்துக்குத்தான் மாமன்.

கோட்டுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சைரன் இருந்தது. கப்பல் கிளம்புமுன் பாதுகாப்பு ஒத்திகை உண்டு. குட்டிக் குட்டியாக ஏழு முறை ஊதும், கடைசியில் நீளமாக ஒருமுறை. எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தங்களுக்கான கூடுமிடத்தில் போய் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்த அன்று கமிஷனர் பெஞ்சுக்கு அடியில் போனவள் சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. அடுத்த தடவை முன்கூட்டியே தகவல் சொல்கிறோம், அன்றைக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் பெருந்தன்மையோடு சொன்னார். நிஜமாகவே தீப்பிடிக்கிற அன்றைக்கும் முன்கூட்டியே தகவல் வருமா என்று அக்கா கேட்டாள்.

ஆகவே அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். குட்டிச் சத்தங்கள் ஏழும் குஞ்சுகள். வழி தெரியாமல் ஓடி வருகின்றன. நீளச் சத்தம் கோழி. குஞ்சுகளைத் தேடிக்கொண்டு பின்னால் வருகிறது. கோழி வந்து சேர்ந்தால் எல்லாரும் பத்திரம், அப்புறம் கிளம்பலாம். போனில் சைரனைப் பதிவு செய்து, எறும்புக்குக்கூடக் கேட்காத அளவில் ஆரம்பித்து, தினமும் ஒரு பொட்டு கூட்டினாள். கோழி வந்ததும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாஷிங் மெஷின் முன்னால் வரிசை. கமிஷனர் முதலில், அம்மா பின்னால். அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"நீயும் ஒண்ணு மாட்டிக்கோடா. மூணு பேரு போறோம். அங்க மூணு பேரு நிக்கணும்னு எதிர்பார்ப்பா."

"வாஷிங் மெஷின் முன்னாடி கியூவில நிக்கறதுக்கா அப்பா என்னைப் படிக்க வச்சாரு?"

"அவரு உன்னைக் காலேஜுக்குத்தான் அனுப்பி வச்சாரு. படிக்கறத உன் பொறுப்புல விட்டுட்டாரு, பாவம்."

மாமன் எழுந்து உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் வாயருகே குழல்போல் குவித்து, கண்ணைச் செருகிக்கொண்டு, "கூஊஊ" என்று ஊதிக் காட்டினான். "வந்துருச்சு கோழி. ஓடுங்க ஆடுகளா, ஓடுங்க."

கமிஷனர் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தை அல்ல, குவித்த கைகளை.

"நீளம் பத்தல," என்றாள்.

"என்னது?"

"கோழி. நீளம் பத்தல, மாமா."

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஜாக்கெட் குலுங்கியது. "நீ கிண்டல் பண்ணு, பரவாயில்ல. ஊதற சங்கை நான் ஊதி வைக்கிறேன். விடியறப்ப விடியட்டும்."

கப்பல் ஆபீசுக்கும் அவள் போன் செய்திருந்தாள், ஒருமுறைக்குப் பலமுறை. ஒவ்வொரு முறையும் தேன் தடவிய குரல் ஒன்று, கண்டிப்பா மேடம், சைரனுக்கு முன்னாடியே உங்களைத் தனியாக் கூட்டிட்டுப் போயிடுவோம் மேடம் என்றது. கப்பலில் ஏறி, வரவேற்பு மேசையில் அதைச் சொன்னபோது அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். "அப்படி எதுவும் எங்களுக்குச் சொல்லலையே மேடம். ஹேவ் எ நைஸ் ஹாலிடே."

அறைக்கு வெளியே நீண்ட நடைவழி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், கீழே நீலக் கட்டம் போட்ட கம்பளம். கமிஷனருக்குக் கப்பலில் முதலில் பிடித்தது அந்தக் கட்டங்கள்தான். காதை மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டம் மாறாமல் நடந்துகொண்டிருந்தபோது சைரன் அலறியது. அக்கா அறை வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கமிஷனர் அசையவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு ஒவ்வொரு குஞ்சாக உதட்டால் எண்ணினாள். ஏழும் ஒழுங்காக வந்தன. அக்காவின் முகத்தில் அப்போது தெரிந்ததை மாமன் அதற்குமுன் பார்த்ததில்லை. பரீட்சை எழுதியது அவள்தான் என்பதுபோல இருந்தாள்.

கோழி வரவில்லை. அதற்குப் பதிலாக ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. அன்பான பயணிகளே, மேல்தளத்து வாசனைத் திரவியக் கடையில் இன்று மாலை மட்டும் பாதி விலை, தவறவிடாதீர்கள். இப்போது தயவுசெய்து கூடுமிடங்களுக்குச் செல்லுங்கள். நீளமான சத்தத்துக்கு ஒதுக்கியிருந்த நேரத்தைச் சென்ட் பாட்டில் எடுத்துக்கொண்டது.

கமிஷனர் சுவரோரமாக ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்தாள். அக்கா நீட்டிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "கோழி வரல."

"வந்துடுச்சுன்னு வச்சுக்கலாமா, கண்ணு?" என்றாள் அக்கா.

"வரல."

கதவுகள் திறந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். ஒருவன் ஜாக்கெட்டைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டான். ஒரு ஜோடி ஒரே ஜாக்கெட்டுக்குள் நுழையப் பார்த்தது. பாதுகாப்பு என்பது மற்றவர்களுக்கு வருகிற வியாதி என்று நம்புகிறவர்களின் ஊர்வலம் அது. அவர்கள் எல்லாரும் கமிஷனரின் காலைத் தாண்டிப் போனார்கள். கையில் கோப்பையோடு வந்த பருத்த மனிதர் ஒருவர் நின்றார்.

"என்னம்மா, நடுவழியில உக்கார வச்சிருக்கே. நாலு சாத்து சாத்தினா தானா எந்திரிக்கும்."

"நீங்க முன்னாடி போங்க சார்," என்றாள் அக்கா. "கோழி வந்ததும் நாங்க வரோம்."

அவர் அக்காவையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் பாதுகாப்பு அதிகாரி வந்தார். வெள்ளைச் சீருடை, கஞ்சி போட்ட மடிப்பு, கையில் வாக்கிடாக்கி. வராதவர்கள் மூன்று பேர் என்றார். ஒத்திகைக்கு நிற்காதவர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பக்கூடாது, அது சட்டம். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போட்டிருக்கிற ஏணியைத் தூக்குவதற்குள் கூடுமிடத்துக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் பெட்டியோடு இறங்கிவிட வேண்டும்.

இந்தத் தருணத்துக்காகவே மூன்று வருடம் படித்ததுபோல மாமன் முன்னால் வந்தான். "சார், நீங்க நீளச் சத்தத்தை ஊதவே இல்ல."

"அறிவிப்பு குறுக்க வந்துடுச்சு. அதனால என்ன? யாருக்கும் வித்தியாசம் தெரியலையே."

"அவளுக்குத் தெரிஞ்சுது. இந்தக் கப்பல்லயே ஒருத்திக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க அவளை இறக்கி விடறேங்கறீங்க."

"தம்பி, நான் சட்டத்தைச் சொல்றேன்."

"சரி சார். இன்னொரு தடவை நீளமா ஒண்ணு ஊதச் சொல்லுங்க, போதும்."

"ஒரு குழந்தைக்காகவா? மத்தவங்க பயந்துடமாட்டாங்களா?"

மற்றவர்கள் பயப்படாமல் இருப்பதற்குத்தான் ஒத்திகை என்று மாமன் ஆரம்பித்தான். சட்டம் எதற்கு, அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று மேலே மேலே ஏறினான். அதிகாரி பாதியில் அக்கா பக்கம் திரும்பினார். "பேசாம பாப்பாவைத் தூக்கிட்டு வந்துடுங்களேன்மா. ரெண்டு நிமிஷம்."

"தூக்கலாம் சார். கத்திக்கிட்டே வருவா," என்றாள் அக்கா. "அப்புறம் ஆயுசுக்கும் எந்தச் சைரனுக்கும் எந்திரிக்கமாட்டா. என்னிக்காவது நெஜமா அடிக்கும். அன்னிக்கு நான் பக்கத்துல இல்லாம போனா, யாரு சார் தூக்குவாங்க?"

அதிகாரி மணிக்கட்டைப் பார்த்தார். "ஏணி தூக்கறவரைக்கும் மேல கூடுமிடத்துல இருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அறைக்குள் போனாள். அவள் அழுவாள் என்று மாமன் நினைத்தான். அவள் பெட்டியைத் திறந்து, மதியம் அலமாரியில் அடுக்கி வைத்த துணிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஓரம் பார்த்து மடித்து உள்ளே வைக்கத் தொடங்கினாள். கமிஷனரின் சட்டைகளை நிறவாரியாக வைத்தாள். இறங்கிப் போகும்போதும் வரிசை கலையக்கூடாது. அதைப் பார்த்ததும் மாமனுக்குக் கோபம் கிளம்பியது. தேன் குரல்மேல், சென்ட் பாட்டில்மேல், கஞ்சி போட்ட சீருடைமேல் எல்லாம் அது போய்விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வாஷிங் மெஷினுக்கு முன்னால் காலியாக விட்டிருந்த அந்த ஓர் ஆள் இடத்தில் வந்து நின்றது.

நடைவழியில் ஜனங்கள் திரும்பி வரத் தொடங்கியிருந்தார்கள். மாமன் கமிஷனருக்கு எதிரே குந்தினான். இரண்டு பக்கமும் பார்த்தான். கைகளைக் குவித்தான்.

"கூஊஊ."

கமிஷனர் கைகளைப் பார்த்தாள். "பத்தல."

மறுபடி ஊதினான். யாரோ நின்றார்கள். இரண்டு மூன்று போன்கள் உயர்ந்தன.

"பத்தல, மாமா."

"குடும்பமே இப்படித்தான் போல," என்றது ஒரு குரல். பருத்த மனிதர்தான். அதற்கு மாமனிடம் அருமையான பதில் ஒன்று இருந்தது. கல்லூரியில் இந்த மூன்று வருடத்தில் அவன் அவ்வளவு நல்ல பதில் ஒன்று சொன்னதில்லை. ஆனால் அதற்கு மூச்சு வேண்டும். இருந்த மூச்சை எல்லாம் கோழிக்கு வைத்துக்கொண்டான். நெஞ்சு நிறைய இழுத்து, கண்ணை மூடி, ஊதினான். காது அடைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. ஊதிக்கொண்டே இருந்தான். அடித்தொண்டையில் ஒரு கீச்சு மட்டும் மிஞ்சுகிறவரை விடவில்லை.

கண்ணைத் திறந்தபோது கமிஷனர் எழுந்து நின்று ஜாக்கெட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"கோழி வந்துடுச்சு," என்றாள் அம்மாவிடம். அக்கா மடித்த சட்டையோடு வாசலில் நின்றிருந்தாள். சட்டையை அப்படியே பெட்டிமேல் போட்டாள், கோணலாக. ஜாக்கெட்டை எடுத்தாள்.

கூடுமிடம் ஒரு பெரிய கூடம். ஒத்திகை முடிந்து, நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தரையில் மஞ்சள் கோடு. கமிஷனர் நேராகப் போய்க் கோட்டில் கால்விரல்களைச் சரிபார்த்து நின்றாள். அக்கா அவளுக்குப் பின்னால். அதிகாரி வாக்கிடாக்கியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இவர்களைப் பார்த்தார்.

கமிஷனர் பின்னால் திரும்பினாள். "மூணு," என்றாள்.

மாமன் அறையிலிருந்து கொண்டுவந்த ஜாக்கெட்டைத் தலைவழியே மாட்டினான். இடுப்புப் பட்டை எங்கே நுழைந்து எங்கே வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை; வீட்டில் ஒருநாள்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. கமிஷனர் வரிசையை விட்டு வந்து, பட்டையை இழுத்து, கொக்கியை 'டக்'கென்று மாட்டி, சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். தன் இடத்துக்குப் போனாள். அதிகாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நீங்க போடல."

அதிகாரி தன் வெள்ளை மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நாற்காலி அடுக்கியவர்கள் கையை நிறுத்தினார்கள். கீழே எங்கோ ஏணிச் சங்கிலி கடகடவென்று ஓடியது; தூக்குகிறார்களா, இவர்களை இறக்கிவிட மறுபடி தாழ்த்துகிறார்களா என்று மேலேயிருந்து சொல்ல முடியவில்லை. மாமன் கேட்கவும் இல்லை. கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, முன்னால் நின்ற அக்காவின் ஆரஞ்சு முதுகைப் பார்த்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல் நின்றான்.