யாருடைய மெட்டு?

தென்காசியில் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கும் ஸ்ரீதேவி, சில கட்டைகள் ஒலிக்காமல் போனதால் அதைக் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பியிருந்தாள். குற்றாலம் சாரல் விழாவுக்கு முந்தின நாள்தான் திரும்பி வந்தது. எல்லாக் கட்டைகளும் ஒலித்தன. ஆனால் அவள் பதிவுசெய்து வைத்திருந்த மெட்டுகள் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில், யாரோ பாதியில் நிறுத்திய தாலாட்டு மெட்டு ஒன்று இருந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"உள்ள இருக்க சர்க்யூட் போர்டையே புதுசா மாத்தியிருக்கோம் மேடம்," என்றார்கள்.

"புதுசுல எப்படிங்க அடுத்தவங்க மெட்டு இருக்கும்?"

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

குழுவின் பாடகர் தளவாய் அந்தத் தாலாட்டைக் கேட்டுவிட்டு, "அழிச்சிரு தாயி, நாளைக்கு மேடையில குழப்பிரும்," என்றார்.

"அழிச்சா அவங்களுக்கும் இல்லாமப் போயிருமே அண்ணாச்சி. என் மெட்டு இப்ப யாருட்ட கெடக்கோ! ஒண்ணுமே வெளங்கல."

மறுநாள் தன் மெட்டுகளை நினைவிலிருந்தே வாசித்தாள். இரண்டு இடங்களில் தடுமாறினாள். தாலாட்டை அழிக்கவில்லை. யாரிடம் கொடுப்பதென்றும் தெரியவில்லை.