தம்பி அனுப்பிய மஞ்சள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே ஒப்புக்கொள்கிறேன், வேறு யாராவது சொன்னால்தான் சண்டைக்குப் போவேன். சாயம், நிறமி தயாரிப்பாளர் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாகச் செயலாளராக இருப்பவளுக்குக் கோபம் வராவிட்டால் எப்படி? பவுடர் பறக்கிற இடத்தில் மாஸ்க் போடாமல் நின்றுகொண்டு, "பழகிடுச்சும்மா" என்று பல்லைக் காட்டுகிற முதலாளிகளை வேறு எப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவது?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த உறையைப் பிரித்தேன். குழந்தைகளின் பொம்மைக்கும் கிரேயானுக்கும் போகிற நிறங்களுக்குச் சங்கம் அந்த வருஷம்தான் பாதுகாப்பு முத்திரை கொடுக்க ஆரம்பித்திருந்தது. ஈயம் இருந்தால் முத்திரை கிடையாது, ஆறு மாதத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. விதியை எழுதியவள் நான். அதில் முதன்முதலாகத் தோற்றிருந்தது என் சொந்தத் தம்பியின் மஞ்சள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முத்திரையோடு வந்தால் இனிமேல் மஞ்சளை உங்களிடமே வாங்குகிறேன் என்று ஒரு கிரேயான் கம்பெனிக்காரர் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காலமெல்லாம் வேலிக்கும் இரும்புக் கேட்டுக்கும் மஞ்சள் அரைத்தவன் அவன். "அக்கா, நம்ம கலர்ல ஒரு குழந்தை படம் வரையணும்" என்று ஒற்றைக்காலில் நின்று, நாலு வருஷமாக ஈயமில்லாத மஞ்சளோடு மல்லுக்கட்டியவன். இப்போது விட்டால் அந்த வாய்ப்பு வேறு யாருக்காவது போய்விடும்.

முடிவைத் தபாலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம் என்பது விதி. தபாலுக்கெல்லாம் எனக்கு ஏது பொறுமை?

நான் போனபோது தம்பியின் பட்டறையில் அரைக்கிற மில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி மாஸ்க்கும் கையுறையுமாக டிரம்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். தம்பியின் புருவம், காது மடல், செருப்பு எல்லாமே மஞ்சள்.

"மில்லை நிறுத்துடா!"

"வா அக்கா. டீ சொல்லட்டுமா?"

"டீ ஒண்ணுதான் குறைச்சல். உன் மஞ்சள்ல ஈயம் இருக்குன்னு ரிசல்ட் வந்திருக்கு. என் மானத்தை வாங்கறதுக்குன்னே பொறந்திருக்கியா நீ?"

காகிதத்தை இரண்டு தரம் படித்தான். முகம் சுண்டிப்போனது.

"சத்தியமா இருக்காது அக்கா. ஈயத்தை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சு. மில்லைக்கூட புதுசா வாங்கிப் போட்டேன். லேப்லதான் ஏதோ மாத்திட்டாங்க."

"யாரு, பூதக்கண்ணாடி மாத்துவாளா?"

எங்கள் பரிசோதனைக்கூடத்து வேதியியல்காரிக்குச் சங்கத்தில் எல்லோரும் வைத்திருந்த பட்டப்பெயர் அது. தன் காப்பிக்குச் சர்க்கரையைக்கூடத் தராசில் நிறுத்துப் போட்டுக்கொள்கிறவள். அவளாவது, மாற்றுவதாவது!

"அது இருக்கட்டும். சாம்பிளை எந்த டிரம்ல இருந்து எடுத்தே?"

தம்பி விட்டத்தைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே அவன் திருட்டு முழி முழிக்கும்போது விட்டம்தான் அவனுக்குத் துணை.

"டிரம்ல இருந்து எடுக்கல அண்ணி" என்றாள் அவன் மனைவி. "பீரோவுல ஒரு பழைய டப்பா இருக்குல்ல, அதை அன்னைக்கு எடுத்து வெச்சிருந்தாரு. சும்மா ஆசைக்குப் பார்க்கறாருன்னு நெனச்சேன்."

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. சாம்பிள் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், இருப்பதிலேயே பளிச்சென்று இருப்பதைத்தான் கை தேடும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அலமாரியிலிருந்து நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொள்வது மாதிரி. அவனுடைய புது மஞ்சள் கொஞ்சம் அடக்கமான மஞ்சள். டப்பாவில் இருந்ததோ ஈயம் சேர்த்து அரைத்த காலத்து மஞ்சள், கண்ணைப் பறிக்கும்.

"அதுல ஈயம் இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நம்ம பேரு எழுதி அனுப்பறோம். பார்க்கறவங்க மூக்குல விரலை வைக்க வேணாமா? கை தானா அங்க போயிடுச்சு அக்கா."

"அடப்பாவி! அவங்க எங்கடா பார்க்கப்போறாங்க? ஆசிட்ல போட்டுக் கரைச்சிடுவாங்க!"

"கரைக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷமாவது பார்ப்பாங்கல்ல?"

தம்பி மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் டிரம்மைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் குபுக்கென்று வந்தது. செயலாளர் சிரிக்கக் கூடாதே என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

மிச்சமிருந்தது ஒரே வழி, மேல்முறையீடு. நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுத்து, குழுவும் ஒப்புக்கொண்டால் சங்கத்து ஆளே வந்து டிரம்மிலிருந்து சாம்பிள் எடுப்பார்.

"பட்டறைக்குள்ளேயே ஈயத்தை வெச்சிருந்தேன்னு எழுதிக் கொடுத்தா சும்மா விடுவாங்களா?" என்று கேட்டான்.

"அவங்க விடுவாங்களோ மாட்டாங்களோ, பொய் எழுதினா நான் விட மாட்டேன்."

எழுதினான். காரணம் என்ற இடத்தில், "அழகாக இருந்ததால் அனுப்பிவிட்டேன்" என்று போட்டிருந்தான். அதற்கு மேல் என்ன எழுத முடியும்?

மறுநாள் காலை குழு கூடியது. அக்கா என்பதால் எனக்கு அதில் வாக்கு கிடையாது, குறிப்பெடுப்பது மட்டும்தான். தலைவர் அந்தத் தாளைச் சத்தமாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த மாதிரி டப்பா வேற யார் யாருகிட்ட இருக்கு? மனசுல கைய வெச்சுச் சொல்லுங்க" என்றார்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு முதலாளிகளும் தங்கள் பேனாவை ஆராய்ந்தார்கள். கடைசியில் தலைவரே கையைத் தூக்கினார்.

"என்கிட்ட ஒரு ஆரஞ்சு இருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒருவரிடம் பச்சை, இன்னொருவரிடம் சிவப்பு. வாயைத் திறந்தால் பாதுகாப்பைப் பற்றியே பேசுகிற ஒருவரிடம் மூன்று டப்பா! சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூடியைத் திறக்காமல் எல்லாவற்றையும் சங்கத்தில் ஒப்படைப்பது, நச்சுக் கழிவு எடுப்பவர்களிடம் சங்கமே சேர்ப்பது என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். தம்பியின் மேல்முறையீட்டையும் ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று மத்தியானமே பூதக்கண்ணாடி நீளமான எஃகுக் குழாயோடு பட்டறைக்கு வந்தாள். எட்டு டிரம்மிலும் மேலே, நடுவிலே, அடியிலே என்று எடுத்தாள். மில்லின் இடுக்குகளையும் துணியால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அந்த டப்பாவை எங்க வெச்சுத் திறந்தீங்க?" என்று கேட்டாள்.

"இங்கதான் மேடம். மில்லுக்குப் பக்கத்துல."

"சிந்துச்சா?"

"தெரியலையே" என்றான் தம்பி. அவள் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் முடிவு வரும்வரை அவனும் சாப்பிடவில்லை, என்னையும் சாப்பிட விடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் செய்து, "சிந்தியிருக்குமா அக்கா?" என்று கேட்டே என் உயிரை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்து அறையில் தம்பியும் அவன் மனைவியும் ஒரே நாற்காலியில் உட்காராத குறையாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூதக்கண்ணாடி தாளை எடுத்தாள்.

"எட்டு டிரம்லயும் ஈயம் இல்ல. மில்லுலயும் இல்ல. பாஸ்."

தம்பி மனைவி "அம்மாடி!" என்று மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாள். முத்திரைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட தலைவரும் அவனைத் தட்டிக்கொடுத்தார். இந்தப் பயல் மட்டும் எழுந்து நின்றுகொண்டு, "மேடம், கலர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டானே பார்க்கலாம்!

"டேய், வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடா!" என்று அதட்டினேன்.

"கலரைப் பத்திச் சொல்றது என் வேலை இல்ல" என்றாள் பூதக்கண்ணாடி. தாளை மடித்துப் பையில் வைத்தாள். கிளம்பப்போனவள், கதவருகில் நின்றுவிட்டாள். "கிரேயான் எப்ப கடைக்கு வரும்?"

"ரெண்டு மாசம் ஆகும் மேடம். ஏன்?"

"என் பொண்ணுக்கு ஆறு வயசு. எதுல என்ன கலந்திருக்குன்னு தினமும் பார்க்கறவ நான். பயந்துக்கிட்டு இதுவரைக்கும் ஒரு கலர்கூட வாங்கிக் கொடுத்ததில்ல. வெறும் பென்சில்லதான் வரையறா. வந்ததும் எனக்கு உங்க மஞ்சள்ல ஒரு பெட்டி எடுத்து வெச்சிடுங்க."

தம்பி வேகமாகத் தலையை ஆட்டினான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதான். கோபக்காரி நானும் அழுதேன். என் தம்பியை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"அழுததெல்லாம் போதும்" என்றாள் பூதக்கண்ணாடி. அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "மத்த கலரையும் சீக்கிரம் கொண்டு வாங்க. மஞ்சளை மட்டும் வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் அவ வெறும் சூரியனையே வரைவா?"

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அடுத்தது சிவப்பு என்று வாக்குக் கொடுத்தான்.