கேத்திலுக்குள் கறித்தூள்

ஃப்ரௌ ஒகாபேயின் தேநீர்க் கேத்திலை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று கமலநாயகி எப்போதோ முடிவெடுத்துவிட்டாள். அடுத்த வீட்டுப் பாத்திரம் வந்தால் ஏதாவது ஒன்றைச் சுமந்துகொண்டுதான் திரும்பிப் போக வேண்டும். அது ஜெர்மனியின் டுசல்டோர்ஃபானாலும் அப்படித்தான்.

பித்தப்பையை எடுத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்த கோடை அது. கணவர் தொழிற்சாலைக்கும் மகள் ஆதிரை வேலைப் பயிற்சிக்கும் போய்விட, வெறுமையான காலைகளில் மேல்மாடி ஜப்பான்காரி ஒகாபே படியிறங்கி வருவாள். கையில் செங்கபில நிற மண் கேத்தில், அகப்பைக் காம்புபோலப் பக்கவாட்டில் நீட்டிய பிடியோடு. பச்சைத் தேநீரை ஊற்றிவைத்து எதிரில் உட்காருவாள். இருவருக்கும் தெரிந்த ஜெர்மன் ஒரு பிடிதான். உலகக்கிண்ணத்துக்காகப் பல்கனிகளில் கட்டிய கொடிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு குடிப்பார்கள். தினமும் தூக்கித் திரிவானேன் என்று கேத்திலை இங்கேயே விட்டுவைத்திருந்தாள்.

இப்போது ஒகாபேயின் கணவரை அலுவலகம் ஜப்பானுக்குத் திருப்பி அழைத்துவிட்டது. நாளைக் காலை விமானம்.

ஒருமுறை ஒகாபே உருளைக்கிழங்குக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய இன்னும் கேட்டிருந்தாள். அதனால் கமலநாயகி மல்லி, செத்தல் மிளகாய், மஞ்சள், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைத்தாள். பிளாஸ்டிக் பையில் கொடுத்தால் கடையில் வாங்கியதுபோல் இருக்கும். கேத்திலுக்குள் வாய்வரை நிரப்பி மூடினாள்.

மாலையில் ஆதிரை வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள். “தூள் வறுத்தனீங்களோ அம்மா?”

“ஓம். ஒகாபேக்கு.”

“எதுக்குள்ள போட்டு வைச்சிருக்கிறீங்கள்?”

கமலநாயகி நாடியால் கேத்திலைக் காட்டினாள். ஆதிரை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கதிரையில் விழுந்தாள்.

“ஐயோ அம்மா! இது உள்ளுக்கு மெருகு பூசாத மண். மணத்தையெல்லாம் உறிஞ்சிப்போடும். சவுக்காரமே போடக்கூடாது, சுடுதண்ணியில மட்டும் அலசி, மூடியைத் திறந்து காயவிடவேணும் எண்டு அவ சொன்னவவெல்லோ! வேற தேயிலைகூட இதுக்குள்ள போடமாட்டா.”

“எனக்கு ஆர் சொன்னது?”

“நானும் பக்கத்தில நிண்டனான், உங்களுக்குத்தான் சொன்னவ. நீங்கள் யா, யா எண்டு தலையாட்டினீங்கள்.”

அது உண்மை. ஒகாபே எதைச் சொன்னாலும் கமலநாயகி தலையாட்டுவாள். பக்கத்தில் ஒரு குரல் கேட்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

தூளைப் போத்தலில் கொட்டிவிட்டு இருவரும் வேலையில் இறங்கினார்கள். சுடுதண்ணீர் ஊற்ற ஊற்றச் சிவப்பாகவே வந்தது. கேத்தில் மூக்கின் உட்புறத்தில் மண்ணிலேயே துளைத்த சல்லடை. அதன் கண்களில் அடைத்த தூளை ஆதிரை மெல்லிய தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தாள். பச்சைத் தேயிலையைப் போட்டுச் சுடுதண்ணீரில் ஊறவிட்டும் பார்த்தார்கள்.

“மணம் கொஞ்சம் குறைஞ்சிருக்குதெல்லோ?” என்றாள் கமலநாயகி.

“ரசம் வைச்ச சட்டி மாதிரிக் கிடக்கு. சொல்லாமல் குடுத்திடுவமோ?”

“அங்க போய்த் தேத்தண்ணி ஊத்தேக்க அறிவா. அப்ப மன்னிப்புக் கேக்க நான் பக்கத்தில இருக்கமாட்டன்.”

நன்றி சொல்ல மிஞ்சியிருப்பது இந்த மாலை மட்டும். கேத்திலைக் கெடுத்தவளாகவே அவள் மனதில் நின்றுவிடுவேனோ என்ற பயத்தோடு கமலநாயகி படியேறினாள்.

மேலே பெட்டிகள் கட்டி முடிந்திருந்தன. கேத்திலை இரண்டு கையாலும் நீட்டியபோது பாடமாக்கிய ஜெர்மன் வாக்கியம் காணாமல் போய்விட்டது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றாள் தமிழிலேயே. ஆதிரைதான் நடந்ததைச் சொன்னாள்.

ஒகாபே மூடியைத் திறந்து மணந்தாள். பலமாகத் தும்மினாள். பிறகு பெருவிரலால் உட்சுவரைத் தடவிக்கொண்டே ஆதிரையிடம் ஜெர்மனில் ஒரு வரி சொன்னாள். முகம் வாடியதை அவள் மறைக்கவில்லை.

“கலியாணம் கட்டின வருசம் வாங்கினதாம்,” என்றாள் ஆதிரை மெதுவாக.

கமலநாயகி தலை குனிந்தாள். அப்போதுதான் மஞ்சள் ஏறிய அவள் விரல்கள் ஒகாபேயின் கண்ணில் பட்டன. நீயா வறுத்தாய், இன்றைக்கா, அடுப்படியில் நின்றா என்று அடுத்தடுத்துக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் கமலநாயகி “யா” என்றாள். உடனே ஜெர்மனும் ஜப்பானியமும் கலந்து ஒரு மழை கொட்டியது. ஒகாபே அவள் வயிற்றைக் காட்டினாள், கதிரையை இழுத்துப் போட்டாள், தோளைப் பிடித்து இருத்தினாள்.

“என்னவாம் பிள்ளை?”

“டொக்டர் கனநேரம் நிக்கவேண்டாம் எண்டவர், உங்களுக்கு அறிவில்லையோ எண்டு கேக்கிறா.”

“அறிவில்லையோ எண்டே கேட்டவ?”

“கொஞ்சம் மரியாதையாத்தான் கேட்டவ.”

ஒகாபே அந்தக் கேத்திலிலேயே தேநீர் போட்டு மூன்று கோப்பைகளில் ஊற்றினாள். முதல் மிடறிலேயே இருமினாள். நிறுத்தவில்லை, குடித்து முடித்துவிட்டு, அந்தத் தூள் எங்கே என்று கேட்டாள். ஆதிரை கீழே ஓடிப் போத்தலோடு வந்தாள். ஒகாபே ஒரு பெட்டியைத் திறந்து அதைத் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டு, ஆதிரையைப் பார்த்து நிதானமாக ஏதோ சொன்னாள்.

“ஒவ்வொரு நாளும் தேயிலை ஊறப்போட்டு ஊத்திக்கொண்டிருந்தால் மணம் மெல்ல மெல்லப் போகுமாம்,” என்றாள் ஆதிரை. “பனிக்காலம் முடியும்வரைக்கும் செல்லுமாம். அதுவரைக்கும் ஒவ்வொரு காலமையும் உங்களைக் கொஞ்சம் கோவத்தோட நினைப்பாவாம்.”

கமலநாயகி தையல் போட்ட இடத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது.

“நானும் நினைப்பன் எண்டு சொல்லு பிள்ளை. கோவமில்லாமல் எண்டு வடிவாச் சொல்லு.”