கடல்புல் மெத்தை

நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடப்பது என்றாலே ஸ்டாமாத்திசுக்கு எரிச்சல். மூர்கோஸ் ஆட்டுக்கிடையில் பிறந்த நாய். அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் காப்பிக்கடை ஆட்கள் சும்மா விடுவார்களா? மகள் மிர்த்தோ வாங்கிக் கொடுத்த சங்கிலி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கோடையில் கடலாமைகள் முட்டையிடும் கரையைக் காக்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி. முட்டைக்குழி இருக்கும் இடமெல்லாம் மூங்கில் குச்சி நட்டு வைப்பாள்.

"ஊருக்கெல்லாம் நான் புத்தி சொல்றேன், நம்ம வீட்டு நாய் அவுத்துவிட்ட கழுதையாட்டம் ஓடுது. கேக்கவே மாட்டீங்களாப்பா?"

"அது நாயிம்மா, கன்னியாஸ்திரி இல்ல. கொஞ்சம் ஓடிட்டுப் போகட்டும்."

ஓடியது. ஜூலையில் ஒரு விடியலில், குச்சிகளைச் சாய்த்துவிட்டு மூர்கோஸ் குழி தோண்டிக்கொண்டிருந்தது. மூக்கெல்லாம் மஞ்சள் கரு. உடைந்தது போக மிச்ச முட்டைகள் மணலில் சிதறிக் கிடந்தன. ஸ்டாமாத்திஸ் நாயின் கழுத்தைப் பிடித்து அப்பால் தள்ளினார்.

ஆனால் முட்டை அவருக்குப் புதிதா என்ன? காலமெல்லாம் கோழி வளர்த்துச் சந்தைக்கு முட்டை கொண்டுபோனவர். ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிப் பார்த்து, சட்டை நுனியால் துடைத்தார். கரையில் காய்ந்து கிடந்த கடல்புல்லை அள்ளிக் குழியில் பரப்பி ஒரு வரிசை முட்டை, மேலே புல், மறுபடி முட்டை என்று கூடையில் அடுக்குவது போலவே அடுக்கினார். மணலைப் போட்டு மூடிக் குச்சிகளை நட்டார். ஆமை முட்டையை உருட்டினால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும் என்று மிர்த்தோ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாயின் கால்தடங்களை அழிக்கவும் மறந்துவிட்டார்.

தடத்தையும் உடைந்த ஓடுகளையும் பார்த்த மிர்த்தோ, தன் வீட்டு நாயாக இருக்கும் என்று நினைக்க மனம் வராமல், நேராகச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் கூடார முகாமுக்குப் போனாள். அங்கே நாயோடு தங்கியிருந்தவர் ஊவே என்ற ஜெர்மன்காரர் ஒருவர்தான். வருஷா வருஷம் வருகிறவர். ஊரே கூடிக் கத்தியது.

"என் நாயி சங்கிலி இல்லாம வெளிய வந்ததே இல்லம்மா," என்றார் அவர், தெரிந்த அரைகுறை கிரேக்கத்தில். "ஸ்டாமாத்திஸ், நீ பாத்திருக்கியே, சொல்லேன்."

ஸ்டாமாத்திஸ் தரையைப் பார்த்தார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை பேசவில்லை. மதியத்துக்குள் முகாம்காரன் ஊவேயைக் காலி பண்ணச் சொல்லிவிட்டான். கிளம்பும்போது அந்த ஆள் மூர்கோசின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அன்றே ஆணியிலிருந்து சங்கிலியை எடுத்தார் ஸ்டாமாத்திஸ். காப்பிக்கடை சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கோடை முடிவதற்குள் மற்ற குழிகளிலிருந்து குஞ்சுகள் கடலுக்கு ஓடிவிட்டன. இது மட்டும் அசையவில்லை. பொரிக்க வேண்டிய நாள் கடந்ததும் என்ன ஆயிற்று என்று பார்க்க, ஊர் சூழ்ந்து நிற்க, மிர்த்தோ மண்டியிட்டுத் தோண்டினாள். கையில் கடல்புல் வந்தது. அதன் கீழே வரிசையாக முட்டைகள், எல்லாம் செத்தவை. மறுபடி புல். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"புல்லு எப்படிம்மா உள்ள போச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அலை தள்ளியிருக்கும்," என்றாள், அப்பாவைப் பார்க்காமல்.

அவள் வாயில் பொய் வந்து அவர் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புல்லை மேஜையில், முட்டைக்கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். கூடையிலும் அதே புல், அதே அடுக்கு.

"உங்களுக்காகப் பொய் சொல்லிட்டேன்பா. ஊவேகிட்டயும் என்னால பொய் சொல்ல முடியாது." போனை அவர் முன்னால் தள்ளினாள். "நம்பர் போட்டிருக்கேன். பேசுங்க."

மணி அடித்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். நாயை அவிழ்த்துவிட்டது நான்தான். நான்தான்.

"யாரு, ஸ்டாமாத்திஸா?" ஊவேயின் குரலில் கோபமே இல்லை. "நல்லா இருக்கியா? உன்னையேதான் நெனச்சிட்டிருந்தேன். அந்தக் குழி என்னாச்சுப்பா, குஞ்சு பொரிச்சுதா?"