மூன்றாம் கூடத்து நாற்காலி

கம்பெனி அத்தானுக்குத் தர வேண்டியது நாலு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. கீழ்க்கோர்ட்டு தீர்ப்பில் எழுதிய தொகை. குளிர்சாதனக் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது இரும்புத் தட்டு சரிந்து அத்தானின் இடுப்பை உடைத்தது. அந்த இடுப்புக்கு விலை அது. கம்பெனி ஒரு காசு கொடுக்காமல் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனது. மூன்றாம் கூடத்து ஜட்ஜ் ஐயா இரண்டு பக்கத்து வக்கீல்களையும் கடைசிவரை பேசவிட்டுக் கேட்டார். தீர்ப்பைப் பிறகு சொல்கிறேன் என்று எழுந்து போனவர் திரும்பி வந்து உட்காரவே இல்லை. உடம்பு முடியவில்லை என்று பதவியை விட்டுவிட்டார். இனி யார் வந்தாலும் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றார் எங்கள் வக்கீல்.

"சாமி வரம் குடுக்க வாயைத் திறந்துச்சு, அதுக்குள்ள கோயிலைப் பூட்டிட்டாங்க" என்றார் அத்தான். கட்டிலில் படுத்தபடி சிரித்தார். முழுசாகச் சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களை நிறுத்திக் கேட்க அவளுக்குப் பயமில்லை. முதல் ஆபரேஷனில் வைத்த தகடு உள்ளே ஆட்டம் கண்டுவிட்டது, சீக்கிரம் திறந்து சரிசெய்யாவிட்டால் கால் மடங்கவே மடங்காது என்று சொல்லியிருந்தார்கள். அதற்கே ஒன்றேகால் லட்சம் வேண்டும். அத்தானைக் குளியலறைக்குத் தூக்கிப் போவதும் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைப்பதும் அவள்தான். வேலைக்கும் போய் இதையும் செய்து அவளுடைய தோள் ஒருபக்கமாக இறங்கிவிட்டது.

நான் அந்த ஹைகோர்ட்டிலேயே மரச்சாமான் தூக்குகிறவன். மேசை, பீரோ, பெஞ்சு, கோப்பு அடுக்கும் ரேக்கு. எங்கே நகர்த்தச் சொன்னாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஜட்ஜ் உட்கார்ந்த நாற்காலியில் இன்னொரு ஜட்ஜ் உட்காருவதில்லை. போனவரின் நாற்காலியைத் துணி போர்த்திப் பின்வாசல் வழியாகக் கிடங்குக்குக் கொண்டுபோய்விடுவோம். வருகிறவருக்கு அவர் உடம்புக்குத் தக்க நாற்காலி. உயரம் எவ்வளவு, கைப்பிடி எங்கே, முதுகு எவ்வளவு சாய வேண்டும் என்று மேலிருந்து அளவு வரும். பேர் வராது. பெயர்ப்பலகை மாட்டுவதற்கு முன்னால் நாற்காலி தயாராக நிற்க வேண்டும். அதனால் கிடங்கில் ஒரு பேச்சு: ஆளுக்கு முன்னால் நாற்காலி வரும்.

இடம் காலியான நாளிலிருந்து வளாகத்தில் வேறு பேச்சே இல்லை. பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கிற கதையாக டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு ஜட்ஜை நியமித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் பெரிய வக்கீல், ஆள் ரொம்பக் குள்ளம், கட்டைவிரல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மற்றவர் ஒரு கீழ்க்கோர்ட்டு ஜட்ஜ் அம்மா, எங்கள் வழக்கைக் கேட்டவர் இல்லை. வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். அவருக்கு ஏணி என்று பேர்.

"கட்டைவிரல்தான். மேல இருக்கறவங்களோட தினமும் டென்னிஸ் ஆடறாராம்" என்றான் ஒரு சின்ன வக்கீல்.

"வலைக்கு அந்தப் பக்கம் நின்னா ஆளே தெரியாதேய்யா, எப்படி ஆடுவாரு?" என்றாள் டீக்கடைக்காரி.

"சிரிங்க. நாளைக்கு மேடையில உட்கார்ந்தா எல்லாரும் நிமிர்ந்துதான் பார்க்கணும்."

"அந்த அம்மாவுக்கு என்ன குறைச்சல்? ஒரு வாய்தா கேட்டுப் பாரேன் அவங்ககிட்ட. காதைத் திருகி அனுப்பும்."

"அதான் குறைச்சல். வாய்தா குடுக்காத ஜட்ஜை எந்த வக்கீல் சிபாரிசு பண்ணுவான்?"

அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எங்களுக்கு அப்படி இல்லை. கட்டைவிரல்தான் கம்பெனியின் வக்கீல். அவர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தால் எங்கள் வழக்கை அவர் தொடக்கூடாது. வேறு கூடத்துக்கு மாறும், அங்கே ஏற்கெனவே நிற்கிற வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். வருஷக்கணக்கு ஆகும். ஏணி வந்தால் கதை வேறு. கை கால் போனவர்களின் வழக்கை முதலில் எடுத்துப் பார்த்து முடிப்பதில் பேர்போனவர் அவர்.

ஒரு நாள் காலையில் கிடங்குக்குள் நுழைந்தபோது தச்சர் பலகை மேல் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அவரை முழக்கோல் என்று கூப்பிடுவோம். ஆளைக் கண்ணால் பார்த்தே சட்டைக்கு எவ்வளவு துணி என்று சொல்லிவிடுவார். அத்தான் விஷயம் அவருக்குத் தெரியும்.

"மூணாம் கூடத்துக்கு அளவு வந்துடுச்சுடா" என்றார்.

"என்னண்ணே அளவு?"

"நாலு காலையும் நாலு நாலு விரல் அறுக்கணும். கீழ பாதம் வைக்க ஒரு பலகையும் கேட்டிருக்காங்க." பீடியை எடுத்துக் காதில் செருகினார். "உங்க ஏணி சாஞ்சிடுச்சுடா தம்பி."

"வேற யாராவது குள்ளமா…"

"பேச்சு அடிபடற ஆளுங்கள்ல குள்ளம் யாரு? நீயே சொல்லு. நான் எத்தனை ஜட்ஜுக்கு நாற்காலி போட்டிருக்கேன். இதுவரைக்கும் என் கணக்கு தப்பினதில்ல."

அவர் அறுப்பதை நின்று பார்த்தேன். பாதப்பலகைக்கு நல்ல மரமாகத் தேடி எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மத்தியானத்துக்குள் டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. சின்ன வக்கீல் தான் சொன்னதே பலித்துவிட்டதாக எல்லோருக்கும் டீ சொன்னான்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அக்கா அத்தானின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நாற்காலியை நீ கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா. அறுத்த துண்டு நாலும் தரையில கிடந்துச்சு."

"ம்" என்றாள்.

மறுநாளே கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு வந்தார். விபத்து நடந்ததிலிருந்து எட்டிப் பார்க்காத மனிதர். ஆரஞ்சுப் பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? உங்களுக்கும் அலைச்சல், எங்களுக்கும் அலைச்சல். பேசி முடிச்சுக்குவோம். ஒன்றரை லட்சம். சரின்னா நாளைக்கே கையில."

அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இடுப்புக்கு நாலே முக்கால்னு கோர்ட்டு சொல்லுச்சு. நீங்க எந்தப் பக்கத்துக்குக் குடுக்கறீங்க, வலதா இடதா?"

மேனேஜர் சிரிப்பதா வேண்டாமா என்று அக்காவைப் பார்த்தார். அக்கா பழப்பையை அவர் மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். "யோசிச்சுச் சொல்றோம்" என்றாள்.

அவர் போனதும் எங்கள் வக்கீலுக்குப் போன் போட்டோம். அவருக்கு அறை கிடையாது. கோர்ட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, அவ்வளவுதான். அந்த மேசையும் நான் தூக்கிவந்து போட்டது. அவர் சொன்னது எங்களுக்கும் கேட்கும்படி அக்கா போனைக் கட்டில் மேல் வைத்தாள்.

"ஜெயிக்கப் போறவன் எதுக்கும்மா பேச வர்றான்? அவசரப்படாதீங்க. அறிவிப்பு வரட்டும், கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்து, அந்தக் கட்டைவிரலே வந்து உட்கார்ந்துட்டா? அப்பவும் இந்த ஒன்றரை இருக்குமா சார்?"

"அது எனக்கும் தெரியாதும்மா. மத்தவங்க மாதிரி எனக்கும் ஊகம்தான். நாற்காலியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்கன்னு மட்டும் சொல்வேன்."

போனை வைத்ததும் அத்தான் சொன்னார், "அவர் சொல்றது எனக்குச் சரியாப் படுது. அந்த ஆளு மூஞ்சியைப் பார்த்தியா? நெருப்பை மடியில கட்டிக்கிட்டு வந்தவன் மாதிரி இருந்தான். பொறுப்போம்."

"எத்தனை நாளு பொறுக்கறது? கால் பொறுக்குமா?"

"என் இடுப்புடி இது."

"உங்க இடுப்புதான். தூக்கறது என் கை."

அத்தான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டுத் தடுமாறி மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திரும்ப அழுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தான் சுவரைப் பார்த்தபடியே, "பேனா எங்க இருக்குன்னு பாரு மச்சான்" என்றார்.

மேனேஜர் கொண்டுவந்த தாளில் அவர் படுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தாளுக்கு அடியில் ஒரு தட்டை நான் பிடித்துக்கொண்டேன். பணத்தை அக்கா ஆஸ்பத்திரியில் கட்டினாள். மிஞ்சியது கடைக்காரனுக்கும் வாடகைக்கும் போனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதை மட்டும் குறை சொல்ல முடியாது. கால் மடங்கியது. டாக்டர் மடக்கிக் காட்டியபோது அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டாள்.

அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அறிவிப்பு வந்தது. மூன்றாம் கூடத்துக்கு ஏணி.

டீக்கடையில் யாரும் நம்பவில்லை. அளவை மாற்றியிருப்பார்கள், நாற்காலியைத் திருப்பி அனுப்புவார்கள் என்றார்கள். ஒன்றும் திரும்பி வரவில்லை. பதவியேற்ற அன்றைக்கு நானும் முழக்கோலும் பின்வாசலில் நின்றிருந்தோம். ஜட்ஜ் அம்மா காரைவிட்டு இறங்கினார். கையில் ஒரு தடி. இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் செய்திருக்கிறார்களாம். மடக்கித் தொங்கவிட்டால் கால் வீங்குமாம். தாழ உட்கார்ந்து காலை முன்னால் நீட்டிப் பலகை மேல் வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்குத்தான் அந்தத் தாழ்ந்த கால், அந்தப் பாதப்பலகை.

முழக்கோல் அவர் படியேறி முடிக்கும்வரை பார்த்தார். அந்த அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் அடுத்த படிக்குப் போனார்.

"உசரமான ஆளுக்கும் முட்டி வலிக்கும்னு எனக்கு எங்கடா தோணுச்சு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்டா" என்றார்.

"நீங்க பொய் சொல்லலையேண்ணே."

"பொய் சொல்லியிருந்தாலும் தேவலையே."

மாடிப்படிக்குக் கீழே எங்கள் வக்கீல் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கட்டைவிரலுக்குத் தனக்கு வரலைன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அந்த அம்மாதான் வர்றாங்கன்னும் தெரிஞ்சிருக்கும். அதான் அந்த ஆளு பழத்தோட ஓடி வந்திருக்கான்" என்றார். நான் அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். சொன்னபோது அத்தான், "ஏணியா? நல்லவங்களுக்கு வரட்டும்னு சொல்லிக்கிட்டிருந்தோமே, வந்துடுச்சு பார்" என்றார். அக்கா கட்டில் விரிப்பின் சுருக்கத்தைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சுருக்கமில்லாமல்தான் இருந்தது.

பேசி முடித்தாலும் வழக்கு தானாக முடியாது. ஜட்ஜ் முன்னால் நின்று இரண்டு பக்கமும் சம்மதம் சொல்ல வேண்டும். புது ஜட்ஜ் அம்மா பழைய விபத்து வழக்குகளைத்தான் முதலில் எடுத்தார். எங்கள் முறை சீக்கிரமே வந்தது. சக்கர நாற்காலியில் அத்தானை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். கம்பெனிக்குக் கட்டைவிரல் வரவில்லை, அவருடைய ஜூனியர் வந்திருந்தான். வாசலில் எங்கள் வக்கீல் அத்தானின் காதருகே குனிந்தார்.

"அந்த அம்மா கேட்பாங்க. மனசில்லாம கையெழுத்துப் போட்டேன்னு நீங்க சொன்னா, ஒப்பந்தத்தைத் தள்ளிட்டு வழக்கை எடுத்துக்குவாங்க. ஆனா வாங்கின ஒன்றரையைத் திரும்பக் கட்டச் சொல்வாங்க."

"எங்க இருக்கு கட்டறதுக்கு? இங்க இருக்கு" என்று அத்தான் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

ஜட்ஜ் அம்மா தாளைப் படித்தார். முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் இரண்டு மூன்று தடவை போய்வந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கீழ்க்கோர்ட்டு கொடுத்ததில் மூணில் ஒரு பங்குகூட இல்லையே. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"தெரிஞ்சுதாங்கம்மா."

"யாராவது பயமுறுத்தினாங்களா?"

கம்பெனி ஜூனியர் நிமிர்ந்தான். அத்தான் தலையைத் திருப்பி அக்காவைத் தேடினார். அவள் பின்னால் சுவரோரம் நின்றாள், இறங்கிய தோளோடு. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமென்று தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாமென்று அசைக்கவும் இல்லை. இந்தத் தடவை முடிவு அவர் கையில் என்று விட்டுவிட்டாள்.

"யாரும் பயமுறுத்தலைங்கம்மா" என்றார் அத்தான். "நாங்களாத்தான் பயந்தோம்."

"எதுக்கு?"

நாற்காலிக்கு என்று அத்தான் எப்படிச் சொல்வார். "சம்மதம்தாங்கம்மா. எழுதிக்குங்க" என்றார்.

ஜட்ஜ் அம்மா அத்தானைப் பார்த்தார். இன்னொரு கேள்வி கேட்பார் போலத் தோன்றியது. கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். மீதி மூணு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறில் இனி உரிமை கோருவதில்லை என்று பதிவானது. பேனாவை மூடினார். அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அக்கா ஓடிவந்து சக்கர நாற்காலியைத் திருப்பப் பார்த்தாள். சக்கரம் பெஞ்சுக் காலில் மாட்டிக்கொண்டது. நான் பெஞ்சைத் தூக்கி நகர்த்தி வழிவிட்டேன்.