பாறையைச் சுற்றி ஒரு வழி

சனிக்கிழமை காலை புதுத் தடத்தைச் சோதிக்க அதிகாரி வருகிறார். வெள்ளிக்கிழமை மதியம் வரை அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.

தீவில் அவளை மண்வெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். குன்றில் இருந்த மூன்று சைக்கிள் தடங்களும் அவள் வெட்டியவை. மூன்றும் கடினமானவை. இளவட்டங்கள் காலைப் படகில் சைக்கிளோடு வருவார்கள், உருண்டு புரண்டு இறங்குவார்கள், முழங்காலில் ரத்தத்தோடு மாலைப் படகில் திரும்பிவிடுவார்கள். குடும்பங்கள் வருவதில்லை. அதனால் இந்த மாதத்தோடு படகையே நிறுத்தப்போவதாகப் படகு நிறுவனம் சொல்லிவிட்டது. எளிதான தடம் ஒன்று இருந்தால் பார்க்கலாம் என்றது. படகு நின்றால் அதன் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் அவள் கணவன் அக்கரைக்குக் குடிபோக வேண்டியதுதான். அவனுக்கு அங்கே வேலை கிடைக்கும். அவளுக்கு அங்கே குன்று கிடையாது.

நான்காவது தடத்தைக் குளிர்காலம் முழுக்க வெட்டினாள். மழைநீர் ஓரமாக வழியும்படி மண்ணைச் சாய்த்தாள். வேர்களை விலக்கினாள். வளைவுகளில் கரை கட்டினாள். இனி அதன் தொடக்கத்தில் பச்சைப் பலகை மாட்ட வேண்டும். பச்சை என்றால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் தடத்தில் இதுவரை ஓட்டாத ஒருவர் அதிகாரியின் முன்னால் ஓட்டி இறங்க வேண்டும்.

"உள்ளூர் ஆளே போதும்னு சொல்லியிருக்காங்க," என்றான் கணவன். "யாரு இருக்கா?"

யோசித்தார்கள். கடைக்காரர் ஓட்டியாயிற்று. நர்ஸ் ஓட்டியாயிற்று. தபால்காரர் தினமும் அதில்தான் வீட்டுக்குப் போகிறார். மண் அள்ள வந்தவர்கள் எல்லோரும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

"உங்க அக்கா," என்றாள்.

"தொலைஞ்சோம்," என்றான்.

நாத்தனார் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவர். தடம் அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் தொடங்குகிறது. அதற்காக அவருடைய துணிக்கொடியைக் கழற்ற வேண்டியிருந்தது. மண்வெட்டி கேட்காமல் கழற்றினாள். அன்றிலிருந்து அவர் தடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. துணிகள் ஜன்னல் கம்பிகளில் காய்ந்தன.

மதியம் போய்க் கேட்டாள்.

"இப்பத்தான் அண்ணி ஞாபகம் வந்துச்சா?"

"நாளைக்கு ஒரே ஒரு தடவை ஓட்டுங்க அண்ணி."

"நாளைக்கு அந்த ஆளு முன்னாடி விழுந்து பல்லை உடைச்சுக்கணுமா? எதுவா இருந்தாலும் இப்பவே பாத்துடலாம். வா."

நாத்தனாரின் சைக்கிளுக்கு முன்னால் கூடை உண்டு. பிரேக் பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அவர் முன்னால் போனார். மண்வெட்டி பின்னால். முதல் வளைவில் நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதிலும் சொல்லவில்லை. அவர் குறை சொல்லாததே பெரிய பாராட்டு.

பாறை வந்தது. படுத்திருக்கும் எருமையின் முதுகு மாதிரி அகலமான பாறை. தடம் அதன்மேல் ஏறி இறங்கும். உச்சியில் கடல் முழுதாகத் தெரியும். தடத்திலேயே அவளுக்குப் பிடித்த இடம் அதுதான்.

நாத்தனார் இறங்கிவிட்டார்.

"ஏன் இறங்கிட்டீங்க?"

"இறங்கணும்னு தோணுச்சு."

"இதுல ஒண்ணுமே இல்ல. பாருங்க." ஏறி இறங்கிக் காட்டினாள். திரும்பி வந்து மறுபடி காட்டினாள்.

"சர்க்கஸ் முடிஞ்சுதா?"

"கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன் அண்ணி, இதை."

"அதான்டி உன் கோளாறு. வர்றவங்க கண்ணைத் திறந்துக்கிட்டு வருவாங்க. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கடல் இருக்கு."

"அதான் பயமா இருக்கு."

மண்வெட்டி பாறையின் கீழே வந்து நாத்தனாரின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள். பாறை. அதற்கு மேல் வானம். வேறு ஒன்றும் தெரியவில்லை. குளிர்காலம் முழுக்க அவள் இதைப் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் என்ன என்பது அவளுக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது.

"சுத்தி வெட்டிடறேன்," என்றாள்.

"எப்போ?"

"இருட்டுறதுக்குள்ள."

"முடியுமா?"

"என்னை எப்படிக் கூப்பிடுறாங்க?"

வெட்டினாள். கணவன் படகிலிருந்து நேராக வந்து திமிசு போட்டு மண்ணை இறுக்கினான். நாத்தனார் பாறைமேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். "அங்க ஒரு கல்லு துருத்திக்கிட்டு இருக்கு. கண்ணாடி போடாத எனக்கே தெரியுது. டேய், அடிக்கிறியா, தாலாட்டுறியா?" வெளிச்சம் போவதற்குள் அந்தப் புது வளைவில் ஓட்டிப் பார்த்தார். இறங்கவில்லை.

"என் துணிக்கொடிக்குக் கம்பம் எப்ப நடுவ?"

"பலகை மாட்டினதும்."

மறுநாள் அதிகாரி வந்தார். பருத்த மனிதர். பளபளக்கும் தோல் ஷூ. நாத்தனார் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"இதுல முன்னாடி ஓட்டியிருக்கீங்களாம்மா?"

"நேத்து ஓட்டினேனே. சாயங்காலம் மறுபடியும் பாதி."

கணவன் கண்ணை மூடிக்கொண்டான். மூன்று பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அப்போ செல்லாது. வேற யாராவது?"

"யாரும் இல்ல சார்," என்றான் கணவன். "தீவே ஓட்டிடுச்சு."

"அப்போ அடுத்த மாசம்தான் வர முடியும்."

அடுத்த மாதம் படகு இருக்காது. நாத்தனார் ஹெல்மெட்டைக் கழற்றினார். யாரையும் பார்க்கவில்லை. மண்வெட்டி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"ஒருத்தர் இருக்கார் சார்."

"யாரு?"

"நீங்க."

அதிகாரி சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. "காலேஜ் முடிச்சப்புறம் நான் சைக்கிளையே தொட்டதில்லம்மா."

"ரொம்ப நல்லது சார்."

"விழுந்தா?"

"விழ மாட்டீங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தடத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, தன் பையை நாத்தனாரின் சைக்கிள் கூடையில் வைத்தார்.

"பிரேக் கத்தும்," என்றார் நாத்தனார். "ஆனா பிடிக்கும்."

கூட யாரும் வரக் கூடாது என்றார் அதிகாரி. மூவரும் ஒற்றையடிப் பாதையில் வேகமாக இறங்கி, தடம் முடியும் இடத்தில் நின்றார்கள். மேலே பிரேக் அலறியது. முதல் வளைவு. மறுபடி அலறியது. இரண்டாவது. அப்புறம் சத்தம் இல்லை.

"மண்ணு நேத்து ஈரமா இருந்துச்சு," என்றான் கணவன்.

"இறுகியிருக்கும்."

"எப்படிச் சொல்ற?"

"நான் போட்ட மண்ணு."

"வாயைப் பாரு," என்றார் நாத்தனார். ஆனால் அவள் முழங்கையைப் பிடித்திருந்தார்.

மேலே சைக்கிள் மணி அடித்தது. வழியில் யாரும் இல்லை. ஆனாலும் அடித்தது. இன்னொரு முறை அடித்தது.

மரங்களுக்கு இடையிலிருந்து அதிகாரி வந்தார். முகம் சிவந்திருந்தது. மண்வெட்டி அவர் ஷூவைப் பார்த்தாள். மண் ஒட்டவில்லை. எங்கேயும் கால் ஊன்றவில்லை.

"அந்தப் பாறைகிட்ட ஏன் சுத்திக் கொண்டு போனீங்க?" என்றார் அவர் மூச்சு வாங்க. "மேலயே விட்டிருந்தா நல்லா இருந்திருக்குமே."

மண்வெட்டி வாயைத் திறந்தாள்.

"திரும்பப் போய் ஏறிப் பாக்குறீங்களா சார்?" என்றார் நாத்தனார்.

அதிகாரி குன்றை அண்ணாந்து பார்த்தார். "இன்னைக்கு வேணாம்மா. பலகையை மாட்டிக்குங்க."

நாத்தனார் தன் சைக்கிளை வாங்கிக்கொண்டார். கூடையிலிருந்த பையை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார். "அடுத்த மாசத்துக்கும் டிக்கெட் கட்டு அனுப்பச் சொல்லணும்," என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் மிதித்தார். துறை வரைக்கும் பிரேக் கத்துவது கேட்டது.

மண்வெட்டி பச்சைப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். நாத்தனார் வீட்டுக் கொல்லையில் அதைச் சுவரில் சாய்த்துவைத்தாள். கடப்பாரையை எடுத்து, முதலில் துணிக்கொடிக் கம்பத்துக்குக் குழி தோண்ட ஆரம்பித்தாள்.